உலகக் காசுப் பட்டியலைத் தமிழில் கொண்டுவர நினைப்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக நாணயங்களுக்கான பட்டியல் நூல் ஒன்று தமிழில் வேண்டும் என்று சேகரிப்பாளர்கள் வெகுநாளாகக் கேட்டு வருகிறார்கள். யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் காசு சேர்க்கும் தமிழர்களுக்கு அது போய்ச் சேர வேண்டும் என்பதும் நியாயமான ஆசைதான். ஆனால் அதற்குச் சொல்லப்படும் வழி மாறுவதே இல்லை. அமெரிக்காவில் அச்சான தடித்த புத்தகத்தை எடு, ஆளுக்கு நூறு பக்கமாகப் பிரி, மொழிபெயர், அச்சடி. பட்டியல் தொகுப்பதிலும் மெய்ப்புப் பார்ப்பதிலும் ஈடுபட்டவர்கள் என்ற முறையில் இதை மறுத்து எழுதுகிறோம். காசுப் பட்டியலில் பெரும்பகுதி மொழிபெயர்க்கவே கூடாதது. மிஞ்சும் சிறு பகுதியை மொழிபெயர்த்தால் போதாது, புதிதாக எழுத வேண்டும். இந்தப் பிரிவினையை முதலிலேயே செய்யாமல் தொடங்கும் எந்த முயற்சியும் பாதியில் நின்றுபோகும், அல்லது முழுதாக வந்து பயன்படாமல் போகும்.

எல்லோரும் கைகாட்டும் அந்த நூல் ‘ஸ்டாண்டர்ட் கேட்டலாக் ஆஃப் வேர்ல்டு காயின்ஸ்’, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஐயோலா என்ற சிற்றூரிலிருந்து 1972-இல் முதலில் வந்தது. தொகுத்தவர்கள் செஸ்டர் கிராஸ், கிளிஃபர்ட் மிஷ்லர். ஒவ்வொரு காசு வகைக்கும் அந்த நூல் தரும் அடையாள எண், அவர்கள் பெயரின் முதலெழுத்துகளால்தான் ‘கே.எம். எண்’ என்று வழங்குகிறது. பிறகு அது பெருத்து, நூற்றாண்டுக்கு ஒரு தொகுதியாகப் பிரிந்தது. ஒவ்வொன்றும் பழைய தொலைபேசி விவரத்திரட்டுப் போல, மெல்லிய தாளில் அடித்த பருமனான புத்தகம். பிந்திய உரிமையாளரான எஃப் பிளஸ் டபிள்யூ நிறுவனம் 2019-இல் திவாலானது. ஆனாலும் அந்த எண்கள் சாகவில்லை. ஆங்கிலம் ஒரு வரிகூடப் படிக்காத இத்தாலியச் சேகரிப்பாளரும் ஜப்பானிய வியாபாரியும் அந்த எண்ணைச் சொல்லித்தான் கடிதம் எழுதினார்கள், இன்றும் எழுதுகிறார்கள். அவர்களுக்கு அந்த நூலில் வேண்டியிருந்தவை படமும் எண்ணும் மட்டுமே.

ஜெர்மானியர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். குன்டர் ஷோன் தொகுத்த ஜெர்மன் மொழி உலக நாணயப் பட்டியல், அமெரிக்க நூலின் மொழிபெயர்ப்பு அல்ல. தனி எண் வரிசையும் தனி நடையும் கொண்ட, ஜெர்மன் வாசகர் நாடுகளை எந்தப் பெயரில் தேடுவாரோ அந்தப் பெயரில் அடுக்கிய நூல். அங்கே ஆஸ்திரியா ‘ஏ’யில் வராது, ‘ஓ’வில் வரும், அவர்கள் மொழியில் அதன் பெயர் ஓஸ்டர்ரைஷ் என்பதால். உலக வணிகத்தில் ஷோன் எண்ணைவிட கே.எம். எண்ணே அதிகம் புழங்கினாலும், ஜெர்மன் பேசும் நாடுகளில் ஷோன் எண் சொன்னால் புரிந்துகொள்வார்கள். நமக்கு மூன்றாவதாக ஒரு எண் வரிசை வேண்டுமா? வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. தமிழ்ப் பட்டியலின் எண், பாரிஸ் வியாபாரியிடம் காட்டினால் அவருக்கும் விளங்க வேண்டும். ஆக, எண்ணைத் தொடக் கூடாது.

தொடக் கூடாது என்றால் எழுத்துக்கு எழுத்து. கே.எம். எண்ணின் பின்னால் ரோமன் சிற்றெழுத்து ‘ஏ’ ஒட்டியிருந்தால், பெரும்பாலும் அதே வடிவம், உலோகமோ எடையோ மாறியது என்று பொருள். புள்ளி வைத்து 1, 2 என்று வந்தால் சிறு வேறுபாடு. இதைத் தமிழ்ப்படுத்துகிறேன் என்று ‘12அ’, ‘12ஆ’ என்று அச்சடித்தால் அந்த வரியைக் கொண்டு வெளிநாட்டில் எந்தக் காசையும் கேட்க முடியாது. இன்னொன்று, கே.எம். எண் நாட்டுக்கு நாடு ஒன்றிலிருந்து தொடங்குகிறது. இந்தியப் பகுதியிலோ சமஸ்தானத்துக்குச் சமஸ்தானம் புதிதாகத் தொடங்குகிறது. ‘கே.எம். 5’ என்று மட்டும் சொன்னால் அது திருவிதாங்கூரா புதுக்கோட்டையா என்று யாருக்கும் தெரியாது. எனவே தரவுத் தாளில் நாடு, ஆட்சிப் பகுதி, எண் மூன்றும் தனித்தனிக் கட்டங்களில் இருந்தாக வேண்டும். பழைய நூல்களில் வரும் ஒய் எண் யோமன் பட்டியலினுடையது, சி எண் கிரெய்க் பட்டியலினுடையது. கிராஸ் நூலே தொடக்கப் பதிப்புகளில் பல நாடுகளுக்கு அவற்றைத்தான் பயன்படுத்திப் பின்னர் மாற்றியது. ஆகவே எந்தப் பதிப்பிலிருந்து எண் எடுத்தோம் என்பதை நூலின் முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். இணையத்தில் நுமிஸ்டா பட்டியலின் எண்ணும் இப்போது பரவலாகியிருக்கிறது. இடமிருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடலாம்.

அடுத்தது சொற்கள். காசுத் துறையின் ஆங்கிலச் சொற்கள் பார்க்க எளிய அன்றாடச் சொற்கள்போல இருக்கும். கணினி மொழிபெயர்ப்பும், துறை தெரியாத மனித மொழிபெயர்ப்பும் ஒரே குழியில் விழுவது இதனால்தான். ‘மிண்ட்’ புதினா ஆகும். ‘லெஜண்ட்’ புராணக் கதை ஆகும். ‘ஃபீல்டு’ வயல் ஆகும். ஜெர்மனியின் ‘மார்க்’ மதிப்பெண்ணாகும், ‘கிரவுன்’ கிரீடமாகும். மதராஸின் ‘ஸ்டார் பகோடா’வை நட்சத்திரக் கோயில் என்று எழுதுவார்கள், அது நம் வராகன் என்று தெரியாமல். ‘ஃபனம்’ என்பது நம் பணம். உச்சக்கட்டம் ‘கேஷ்’. பத்துக் காசு என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘பத்து ரொக்கம்’ என்று வந்து நிற்கும். நாணயத்தைக் குறிக்கும் அந்த ஆங்கிலச் சொல்லே நம் ‘காசு’ போர்ச்சுகீசியர் வாய்வழியாகப் போய்த் திரிந்ததுதான். போன பிள்ளை வேறு பெயரோடு திரும்பி வந்து வாசலில் நிற்கிறது, வீட்டாருக்கு அடையாளம் தெரியவில்லை.

‘சாவரின்’ இன்னும் நுட்பமான வழுக்கல். அதைச் ‘சவரன்’ என்று எழுதலாம், சொல் ஒன்றுதான். ஆனால் நம் நகைக்கடைச் சவரன் 8 கிராம், பிரிட்டிஷ் தங்கக் காசு 7.988 கிராம், 22 காரட். எடைக் கட்டத்தில் சரியான எண் இருந்தும், பெயர்க் கட்டத்தில் சவரன் என்று பார்த்தவர் அதை ‘8’ என்று திருத்திவிட வாய்ப்புண்டு. உலோகப் பெயர்களிலும் இதே கதை. யூரோவின் 10, 20, 50 சென்ட் காசுகளின் ‘நார்டிக் கோல்டு’ உலோகத்தில் தங்கம் துளிகூட இல்லை. செம்பு 89, அலுமினியம் 5, துத்தநாகம் 5, வெள்ளீயம் 1 விழுக்காடு. ‘ஜெர்மன் சில்வர்’ என்பதில் வெள்ளி கிடையாது, அது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்தது. இவற்றை ‘வடநாட்டுத் தங்கம்’, ‘ஜெர்மன் வெள்ளி’ என்று அச்சிட்டால் யாராவது ஒருவர் நிச்சயம் காசு கொடுத்து ஏமாறுவார். அலுமினிய வெண்கலத்தைப் ‘பித்தளை’ என்று எழுதுவதும் தவறு. மஞ்சளாக மின்னுவதெல்லாம் பித்தளை அல்ல. உலோகக் கட்டத்தில் பெயரோடு கலவை விழுக்காட்டையும் கொடுத்துவிட்டால் பெயர்ச் சண்டை பாதி ஓயும்.

எனவே ஒரு பக்கம்கூட மொழிபெயர்க்கும் முன் ஐந்நூறு சொல்லுக்குக் குறையாத சொற்பட்டியல் தயாராக வேண்டும். எங்கள் பரிந்துரைகள் சில: காசடிக்கும் இடம் நாணயச்சாலை. சென்னையில் தங்கசாலைத் தெரு இருக்கிறது, அக்கசாலை என்ற பழஞ்சொல்லும் இருக்கிறது, ஆனால் எஃகுக் காசைத் தங்கசாலையில் அடித்தார்கள் என்று எழுதினால் சிரிப்பு வரும். காசில் பொறித்த எழுத்து வாசகம், வெறும் பரப்பு தளம். எழும்பிய சுற்றுக்கரைக்கு ஓரம், காசை நிமிர்த்தி வைத்தால் தெரியும் மூன்றாம் பக்கத்துக்கு விளிம்பு என்று வைத்துக்கொண்டு, இவ்விரண்டையும் இடம் மாற்றாமல் காக்க வேண்டும். ‘கீற்று விளிம்பு’ என்பதை ‘கீற்று ஓரம்’ என்று எழுதினால் போலிக் காசைப் பிரித்தறியும் குறிப்பு ஒன்று நாசமாகிறது. தலை, பூ என்ற சொற்கள் காசு சுண்டுவதற்கு நல்லவை, பட்டியலுக்கு முகப்பு, பின்புறம் போதும். எது முகப்பு என்பதில் நாட்டுக்கு நாடு வழக்கு வேறு. எண் எடுத்த நூல் எதை முகப்பு என்கிறதோ அதையே பின்பற்றுவது நல்லது. சேகரிப்பாளருக்கென்று பளபளப்பாகத் தனியே அடிக்கும் ப்ரூஃப் காசை ப்ரூஃப் என்றே விடலாம், சேகரிப்பவர் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

சொல் தெரிந்தால் மட்டும் போதாது, காசும் தெரிய வேண்டும் என்பதற்கு 1911-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் இந்திய ரூபாய் நல்ல சாட்சி. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் இருந்த யானை பன்றிபோலத் தெரிந்ததால் எதிர்ப்புக் கிளம்பி, அச்சைத் திருத்தி 1912 முதல் அடித்தார்கள். சேகரிப்பாளர் வழக்கில் அது ‘பன்றி ரூபாய்’. சுருக்கக் குறிப்பில் அந்த ஒற்றைச் சொல்லைப் பார்த்து ‘முகப்பில் பன்றி உருவம்’ என்று மொழிபெயர்த்தால், வாசகர் ரூபாயில் பன்றியைத் தேடிக்கொண்டே இருப்பார். அதேபோல ஆஸ்திரியாவின் மரியா தெரசா தாலர். 1780-ஆம் ஆண்டோடு ஆண்டெழுத்து உறைந்து நின்றது. அதன்பின் வியன்னா, லண்டன், பாரிஸ், பம்பாய் என்று பல ஊர்களில் இருபதாம் நூற்றாண்டு வரை அதே ஆண்டைப் போட்டு அடித்துக்கொண்டே இருந்தார்கள். ‘மறு அச்சு’ என்ற இரண்டு சொல் விடுபட்டால், புதுக் காசு இருநூறு ஆண்டுப் பழசு ஆகிவிடும்.

காசின் நிலையைச் சொல்லும் தரக் குறிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் போவது இங்கேதான். ஆங்கிலத்தில் ‘குட்’ என்றால் நல்ல காசு அல்ல, தேய்ந்து வாசகம் மட்டும் ஒருவாறு தெரியும் காசு. ‘வெரி குட்’ அதைவிட ஒரு படி மேல், ஆனால் ‘ஃபைன்’ என்பதற்குக் கீழ். ‘நன்று, மிக நன்று, சிறப்பு’ என்று நேராகப் பெயர்த்தால், தேய்ந்த காசை ‘மிக நன்று’ என்று நம்பி வாங்குபவர் நம்மைத்தான் திட்டுவார். மற்ற மொழிகளிலும் இந்த மிகைப் புகழ்ச்சி உண்டு. ஜெர்மனில் ‘ஷோன்’ என்றால் அழகு, ஆனால் அது ஆங்கிலத்தின் ஃபைனுக்குச் சமம். ‘சேர் ஷோன்’ வெரி ஃபைன், ‘ஃபோர்ட்சூக்லிஷ்’ எக்ஸ்ட்ரா ஃபைன், ‘ஷ்டெம்பல்கிளான்ஸ்’ புழக்கத்துக்கே போகாதது. ஸ்பானியத்தில் பி.சி., எம்.பி.சி., இ.பி.சி., எஸ்.சி. என்று ஏறும். பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் எஸ்.பி.எல். என்ற ஒரே குறி இருக்கிறது. இத்தாலியில் அது எக்ஸ்ட்ரா ஃபைன். பிரான்சிலோ அதற்கு மேலே, ஏறக்குறையப் புழங்காத காசுக்கான குறி. இத்தாலிய ஏலப் பட்டியலைப் பிரெஞ்சுக் கண்ணால் படித்தால் ஒரு தரம் கூட்டி விலை கொடுப்பீர்கள்.

தமிழில் என்ன செய்யலாம்? குறிகளை மொழிபெயர்க்காமல் விஎஃப் (வெரி ஃபைன்), எக்ஸ்எஃப் (எக்ஸ்ட்ரா ஃபைன்), யூஎன்சி (புழங்காதது) என்று ரோமன் எழுத்திலேயே விட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன தெரிய வேண்டும் என்பதைத் தமிழில் எழுத வேண்டும். ‘மேடான இடங்கள் தேய்ந்து மழுங்கியிருக்கும், மகுடத்தின் உட்கோடுகள் பாதி தெரியும், வாசகம் முழுதும் தெளிவு’ என்பதுபோல. பக்கத்தில் ஒரே காசின் ஐந்து நிலைகளைப் படமாகப் போட வேண்டும். அமெரிக்கச் செப்புச் சென்ட்டுகளுக்காக ஷெல்டன் 1949-இல் வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவுகோல் இன்று எல்லாக் காசுக்கும் பயன்படுகிறது. எண் என்பதால் அதற்கு மொழியே தேவையில்லை. குறிகளுக்குக் கீழே அந்த எண்களையும் தரலாம். இந்த ஒரு பக்கத்தில் ஆறு மொழிகளின் தரக் குறிகளையும் ஒப்பிட்டு ஒரு கட்டம் போட்டுவிட்டால், நூலின் விலை அதிலேயே தேறிவிடும்.

இனி வாசகர் உண்மையில் திணறும் இடத்துக்கு வருகிறோம். கையில் காசு இருக்கிறது, அது எந்த நாடு, எந்த ஆண்டு என்று தெரியவில்லை. பெரிய பட்டியல் நாட்டின் பெயரால் அடுக்கப்பட்டிருப்பதால், பெயர் தெரியாதவருக்கு அது பூட்டிய வீடு. சுவிஸ் காசில் சுவிட்சர்லாந்து என்று இருக்காது, ஹெல்வேஷியா என்று இருக்கும். பின்லாந்தில் சுவோமி, ஹங்கேரியில் மாஜார், அல்பேனியாவில் ஷ்சிப்பெரி, நார்வேயில் நோர்கே. பிரிட்டனின் காசுகளில் பெரும்பாலும் நாட்டின் பெயரே இருக்காது, அரசரின் பெயரும் இலத்தீன் பட்டச் சுருக்கங்களும்தான். சோவியத் காசில் இருப்பது சிரிலிக் எழுத்தின் எஸ்.எஸ்.எஸ்.ஆர். ஆனால் ரோமன் எழுத்தாகப் படிப்பவர் கண்ணுக்கு அது சி.சி.சி.பி. அவர் எதைப் பார்க்கிறாரோ அதன்கீழ் அவருக்குப் பதில் இருக்க வேண்டும். அதனால் காசை அடையாளம் காண உதவும் திறவுகோல் பகுதி உச்சரிப்பால் அல்ல, கண்ணுக்குத் தெரியும் வடிவத்தால் அடுக்கப்பட வேண்டும். இந்தக் கடிதத்தில் தமிழெழுத்தில் தருகிறோம், நூலில் காசில் உள்ள எழுத்திலேயே அச்சிட வேண்டும்.

ஆண்டைப் படிப்பது அடுத்த மலை. அரபு எண்களில் புள்ளிதான் சுழியம், வட்டம் 5. ஆறு நம் 7 போலத் தெரியும். ஏழு ரோமன் ‘வி’ வடிவம், எட்டு அதைக் கவிழ்த்தது. நேபாளக் காசின் தேவநாகரி 1 நமக்கு 9 போலத் தோன்றும். எத்தியோப்பியாவின் கீஸ் எண்களில் சுழியமே இல்லை, நம் பழைய ௰, ௱ போலப் பத்துக்கும் நூறுக்கும் தனிக் குறிகள். பள்ளியில் தமிழெண் படித்தவருக்கு இதை ஒரு வரியில் விளக்கிவிடலாம், ஆங்கில நூலால் அது முடியாது.

எண்ணைப் படித்த பிறகு கணக்கு. ஹிஜ்ரி ஆண்டை 0.97-ஆல் பெருக்கி 622 கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு, 1392 என்றால் 1972. ஈரானின் சூரிய ஆண்டுக்குப் பெருக்கல் வேண்டாம், 621 கூட்டினால் போதும். ஆனால் 1976 முதல் 1978 வரை ஷா பேரரசு ஆண்டுக்கு மாறியதால் 2535, 2536, 2537 என்று காசுகள் வந்தன. அவற்றில் 559 கழிக்க வேண்டும். இந்த விதிவிலக்கை எழுதாமல் விட்டால் ஒருவர் 621 கூட்டி 3156-ஆம் ஆண்டுக் காசு வைத்திருப்பார். துருக்கியின் உஸ்மானியக் காசுகளில் சுல்தான் அரியணை ஏறிய ஆண்டு ஒருபுறம், ஆட்சியின் எத்தனையாவது ஆண்டு என்பது தனியாக. 1327-உம் 7-உம் இருந்தால் 1327-உடன் ஆறைக் கூட்டி 1333 ஹிஜ்ரி, அதாவது 1914-15. ஏழைக் கூட்டிவிடுவது வழக்கமான தவறு, முதல் ஆண்டும் கணக்கில் சேர்வதை மறந்துவிடுகிறோம். தாய்லாந்தின் புத்த ஆண்டில் 543 கழிக்க வேண்டும், 2505 என்றால் 1962. இஸ்ரேலின் யூத ஆண்டில் 3760 கழிக்க வேண்டும். ஜப்பானில் அரசருக்கு அரசர் எண் தொடங்கும்: மெய்ஜிக்கு 1867, தைஷோவுக்கு 1911, ஷோவாவுக்கு 1925, ஹெய்செய்க்கு 1988, ரெய்வாவுக்கு 2018 கூட்ட வேண்டும். ஷோவா 45 என்றால் 1970. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஜப்பானியக் காசுகளை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் கணக்குத் தெரிந்தும் பயனில்லை. திருவிதாங்கூர்க் காசுகளின் கொல்லம் ஆண்டுக்கு 824 அல்லது 825.

நாட்டுப் பெயர்களை அகர வரிசையில் அடுக்குவது சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். சென்னையில் ஆஸ்திரேலியா, யாழ்ப்பாணத்தில் அவுஸ்திரேலியா. இங்கே ஜெர்மனி, அங்கே ஜேர்மனி. இங்கே பிரிட்டன், அங்கே பிரித்தானியா. இங்கே நாணயம், அங்கே நாணயக்குற்றி. வெளிநாட்டு வாசகர்களுக்கு என்று நூல் போடும்போது அவர்களில் பெரும்பகுதி இலங்கைத் தமிழ் எழுதுகிறவர்கள் என்பதை மறக்கலாகாது. எந்தப் பெயரை முதன்மையாக வைத்தாலும் மற்றது ‘காண்க’ வரியாக உரிய இடத்தில் இருக்க வேண்டும். ஜ, ஹ, ஸ எழுத்துகளை ‘ன’வுக்குப் பின் கடைசியில் அடுக்குவதா, ஒலிக்குப் பக்கத்தில் அடுக்குவதா என்பதையும் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். நடுவில் மாற்றினால் குறுக்குக் குறிப்புகள் எல்லாம் பாழ்.

எண் எழுதும் முறை: ஜெர்மனியில் 2,5 கிராம் என்பது இரண்டரை கிராம். அங்கே 500.000 என்பது ஐந்து லட்சம். நாம் 5,00,000 என்று எழுதுவோம், அமெரிக்கர் 500,000 என்று. மூன்று மூலங்களிலிருந்து தட்டச்சு செய்தால் அடித்த எண்ணிக்கைக் கட்டம் குப்பையாகும். மூலத் தாளில் காற்புள்ளியே இல்லாமல் ஏற்றி, அச்சுக்குப் போகும்போது ஒரே முறையில் போடுவதுதான் வழி.

விலையைப் போடவே வேண்டாம் என்பது எங்கள் திடமான எண்ணம். விலை ஆறு மாதத்தில் பழசாகிறது. போதாக்குறைக்கு, இந்தியக் காசுகளின் வெளிநாட்டு விலையும் உள்நாட்டு விலையும் ஒன்றாக இருக்கக் காரணமே இல்லை. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசு தொல்பொருள், அதைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. இரண்டு சந்தையும் இரண்டு குளம். விலைக்குப் பதிலாக இத்தாலியர் செய்வதுபோல அருமைக் குறி தரலாம்: எளிது, அவ்வளவு எளிதல்ல, அரிது, மிக அரிது. அது பத்தாண்டு தாங்கும்.

விலையைத் தவிர்ப்பதற்கு உரிமைச் சட்டமும் ஒரு காரணம். காசின் எடை, விட்டம், ஆண்டு ஆகியவை உண்மைகள், அவை யாருக்கும் சொந்தமல்ல. ஆனால் தொகுப்பாளர் மதிப்பிட்டுப் போடும் விலை அப்படியல்ல. ‘கிரேஷீட்’ என்ற மொத்த விலைப்பட்டியல் தொடர்பாக 1999-இல் தீர்ப்பளித்த அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த விலைகள் தொகுப்பாளரின் சொந்தப் படைப்பு, பதிப்புரிமைக்கு உட்பட்டவை என்று சொன்னது. படங்களுக்கும் இதுதான். ஒருவர் நூலிலிருந்து ஸ்கேன் செய்து போட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் முதலில் ஒரு வழக்குரைஞரைப் பாருங்கள். எண் வரிசையைப் பயன்படுத்துவதற்கும் எழுத்து மூலம் அனுமதி கேட்டுவிடுவதே நல்லது. நூல் அச்சான பிறகு கேட்பது அனுமதி ஆகாது.

படங்களைச் சொந்தமாக எடுப்பது அப்படியொன்றும் பெரிய காரியமல்ல. சாதாரணத் தட்டை ஸ்கேனரில் 600 டிபிஐ, நூறு விழுக்காடு அளவு. 25 மி.மீ. காசு சுமார் 590 புள்ளி வரும், ஆஃப்செட்டுக்குத் தாராளம். ப்ரூஃப் காசுகள் மட்டும் ஸ்கேனரில் கறுப்பாக விழும், அவற்றுக்குக் கேமராவும் பக்கவாட்டு விளக்கும் வேண்டும். காசை அச்சில் உண்மை அளவில் காட்ட வேண்டும், ஏனென்றால் வாசகர் தன் காசைப் படத்தின்மேல் வைத்துப் பார்ப்பார். இங்கே நடக்கும் தவறு எல்லா அச்சகத்திலும் ஒன்றே. பிடிஎஃப் கோப்பைத் தாளுக்குப் பொருத்தும் அமைப்பில் 96, 97 விழுக்காடாகச் சுருங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு ஃபாரத்திலும் (சேர்ந்து அச்சாகி மடிக்கப்படும் பக்கங்களின் தொகுதி) வெட்டுப்படும் ஓரத்தில் 50 மி.மீ. கோடு ஒன்று போட்டு, மெய்ப்புத் தாளில் அதை அளந்து பார்த்தால் பிடிபடும்.

தெரியாத எழுத்துள்ள காசு தலைகீழாக அச்சாவது பட்டியல்களின் பரம்பரை நோய். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் அடித்த டூடூ காசில் ‘புதுச்சேரி’ என்று தமிழில் இருக்கும். தமிழ் தெரியாத தொகுப்பாளருக்கு அதன் மேல் எது, கீழ் எது? நமக்கு ஜார்ஜிய எழுத்தும் அரபு எழுத்தும் அப்படித்தான். ஸ்கேன் செய்யும்போதே கோப்பின் பெயரில் ‘சரிபார்த்தது’ என்று குறிக்கும் பழக்கம் வேண்டும், குறி இல்லாத படம் பக்கத்தில் ஏறக் கூடாது. தமிழ் எழுத்துரு விஷயத்தில் யூனிகோடைத் தவிர வேறெதையும் தொட வேண்டாம். பாமினி, டாப் என்ற பழைய எழுத்துரு முறைகளில் உள்ள கோப்புகளிலிருந்து மாற்றிக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தால் இரண்டாம் பதிப்பில் அழுவீர்கள். பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்டு-ரெடி கம்போசர் தேர்வு செய்யாவிட்டால் கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் என்று சிதறும். கட்டங்களின் அகலத்தையும் ஆங்கில நூலைப் பார்த்து அமைக்காதீர்கள், ஆங்கிலத்தில் மூன்றெழுத்துச் சுருக்கம் நிற்கும் இடத்தில் நமக்கு முழுச் சொல் வரும்.

இவ்வளவும் சொன்னபின், எவ்வளவு பெரிய நூல் என்ற கேள்விக்கு எங்கள் பதில் 96 பக்கம். பதினாறு பக்க ஃபாரம் ஆறு. திறவுகோல் வடிவங்களுக்கு 40 பக்கம், எண்களும் ஆண்டுக் கணக்கும் 16, தரக் குறிகளும் படங்களும் 12, சொற்பட்டியல் 16, நாட்டுப் பெயர்கள் 8, மிச்சம் முன்னுரைக்கும் திருத்தத்துக்கும். இந்தப் புத்தகத்தால் காசை அடையாளம் கண்டபின், எண்ணைக் கொண்டு எந்த மொழிப் பட்டியலிலும் மற்ற விவரத்தைப் பார்த்துக்கொள்ளலாம். கிரவுன் நாலில், சுமார் 18-க்கு 24 செ.மீ. அளவில், 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாளில் 96 பக்கம் அட்டை நீங்கலாக 145 கிராம். அதே தாளில் ஆயிரம் பக்க நூல் ஒன்றரைக் கிலோ. டொராண்டோவுக்கு அதை அனுப்பும் தபால் செலவு நூல் விலையைத் தாண்டிவிடும். படங்கள் மறுபக்கம் ஊடுருவித் தெரிந்தால் 80-க்கு ஏற்றிக்கொள்ளலாம். அடிக்கடி விரித்து வைக்கும் நூல் என்பதால் வெறும் பசை பைண்டிங் தாங்காது, ஃபாரம் தையல் போட வேண்டும். முதல் அச்சு 500 பிரதி போதும். திருத்தங்கள் கட்டாயம் வரும், அவற்றைச் சேர்த்து மறுபடி அடிப்பதுதான் உத்தமம்.

அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு சோதனை. காசு பற்றி ஒன்றும் தெரியாத, தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் மெய்ப்புப் படியையும் பத்துக் காசுகளையும் கொடுங்கள். ஒரு ஹெல்வேஷியா, ஒரு சோவியத், ஒரு 1327 துருக்கி, ஒரு 2535 ஈரான், ஒரு ஷோவா ஆகியவை அதில் இருக்கட்டும். பக்கத்தில் நின்று விளக்காதீர்கள், கைப்பேசியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்தில் எட்டுக் காசுக்காவது நாடும் ஆண்டும் சரியாக எழுதிவிட்டால் அச்சகத்துக்குப் போகலாம். எழுதாவிட்டால், எந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு விழித்தாரோ அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதுங்கள்.

இப்படிக்கு,
நாணயப் பட்டியல் தொகுப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்கள் சிலர்